ஸ்டேட்டஸ் போயிடுச்சு, பசங்க ஸ்கூலை என்ன பண்றது? அமெரிக்காவுல இருக்கற வழிங்க, எது யாருக்கு

எச்-1பி வேலை போயி, கிரேஸ் பீரியட் அறுபது நாளும் ஓடி, அதுக்குள்ள வேற விசா வகைக்கு மாத்தச் சொல்லிப் போட்ட ஐ-539 அப்ளிகேஷனும் டினை ஆயி, இப்ப வீட்ல யாருக்கும் ஸ்டேட்டஸ், அதாவது சட்டப்படி இங்க தங்கற அனுமதி, இல்ல, பசங்கள திங்கக்கெழம ஸ்கூலுக்கு அனுப்பறதா வேணாமா? இந்தக் கேள்வி டல்லாஸ் பக்கம் எங்க வட்டாரத்துல இப்ப அடிக்கடி வருது. நான் வக்கீல் கெடையாது, வீக்கெண்ட் தமிழ்ப் பள்ளில பாடம் நடத்தறேன், அதனால அப்பா அம்மாவுங்க கிளாஸ் முடிஞ்சதும் ஓரமா கூட்டிட்டுப் போயி கேக்கறாங்க. கேக்கறவங்க முகத்தப் பாத்தா வயித்தக் கலக்குது. சிலர் பயத்துல பசங்கள ஏற்கனவே வீட்ல நிறுத்திட்டாங்க, அது தப்பு, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். இங்க இருக்கற வரைக்கும் பப்ளிக் ஸ்கூல நிறுத்தாதீங்க. ஆனா எவ்ளோ நாள் இங்க இருக்கறதுங்கறத ஸ்கூல வச்சு முடிவு பண்ணாதீங்க, ரெண்டு தேதிய வச்சுப் பண்ணுங்க. ஒண்ணு அப்பா அம்மா ஸ்டேட்டஸ் இல்லாம தங்கற 180ஆவது நாள், இன்னொண்ணு பிள்ளையோட 18ஆவது பொறந்தநாள்.

பப்ளிக் ஸ்கூல் விஷயத்துல சட்டம் என்னன்னா, 1975ல டெக்ஸஸ் ஒரு சட்டம் போட்டுச்சு, முறையா நாட்டுக்குள்ள வராத பசங்களுக்கு ஸ்டேட் பணம் கெடையாது, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வேணும்னா சேத்துக்காமயும் விடலாம்னு. டைலர்ங்கற ஊர் டிஸ்ட்ரிக்ட் 1977ல அந்தப் பசங்ககிட்ட வருஷத்துக்கு 1,000 டாலர் கேட்டுது, அந்தக் காலத்துல தோட்டத்துலயும் பண்ணையிலயும் வேல பாத்த மெக்சிகோ குடும்பங்களால அத எங்க கட்ட முடியும், கேஸ் போட்டாங்க. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1982 ஜூன் 15ஆம் தேதி 5க்கு 4ன்னு தீர்ப்பு வந்துச்சு, பிளைலர் எதிர் டோ கேஸ்னு சொல்றது இதத்தான். பெத்தவங்க செஞ்சதுக்கு பிள்ளைய தண்டிக்கக் கூடாது, அமெரிக்க அரசியல் சட்டத்தோட பதினாலாவது திருத்தம் சொல்ற சம பாதுகாப்பு இந்தப் பசங்களுக்கும் உண்டு, பன்னெண்டாவது வரைக்கும் இலவசமா சேத்தே ஆகணும். நாப்பது வருஷத்துக்கு மேல இதுதான் சட்டம். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல வந்த தீர்ப்புங்கறதும் ஞாபகம் இருக்கட்டும். இத எதுத்து திரும்பவும் கோர்ட்டுக்குப் போவேன்னு டெக்ஸஸ் கவர்னர் ஆபட் 2022லயே சொன்னாரு. டென்னசில 2025ல ஸ்டேட்டஸ் கேக்கற மசோதா செனட்ல பாஸே ஆச்சு, ஹவுஸ்லதான் அந்த வருஷம் நின்னுது. அதனால உங்க ஸ்டேட் நியூஸ பாத்துக்கிட்டே இருங்க.

நடைமுறைல ஸ்கூல் என்ன கேக்கும்னா, வீட்டு லீஸ் இல்லன்னா கரண்ட் பில், பிள்ளையோட பர்த் சர்டிபிகேட், தடுப்பூசி ரெக்கார்ட், பழைய மார்க் ஷீட். ஏற்கனவே படிக்கற பிள்ளைன்னா இதுவும் கெடையாது, வருஷா வருஷம் வர்ற ஆன்லைன் ரீ-எனரோல்மெண்ட் மட்டும்தான். விசா காப்பி, ஐ-94 (எந்தத் தேதி வரைக்கும் தங்கலாம்னு சொல்ற என்ட்ரி ரெக்கார்ட்) எதயும் நீங்களா கொண்டுபோயி நீட்டாதீங்க, நம்மாளுங்களுக்கு இருக்கற பழக்கம் அது, ஒரு பேப்பர் கேட்டா பைல் முழுசையும் எடுத்து டேபிள்ல வைக்கறது. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கட்டாயமில்ல. இலவச லஞ்ச் ஃபார்ம்ல கடைசி நாலு நம்பர் கேப்பாங்க, பக்கத்துலயே நம்பர் இல்லங்கறதுக்கு ஒரு கட்டம் இருக்கும், கையெழுத்துப் போடற பெரியவங்களுக்கு நம்பர் இல்லன்னா அத டிக் பண்ணிட்டா முடிஞ்சுது. வேல போன வீட்ல ரெண்டு பசங்களோட லஞ்ச் காசுங்கறது சின்ன விஷயமில்ல, கூச்சப்படாதீங்க.

இன்னொரு ஃபார்ம் இருக்கு, யாரும் கவனிக்கறதில்ல. ஸ்கூல் ரெக்கார்ட ரகசியமா வச்சுக்கணும்னு 1974லயே ஃபெர்பா சட்டம் வந்துடுச்சு, ஆனா அதுல டைரக்டரி இன்பர்மேஷன்னு ஒரு ஓட்டை உண்டு, பேரு, அட்ரஸ், போன் நம்பர் மாதிரி விவரத்த எல்லாம் உங்கள கேக்காமலே வெளிய குடுக்கலாம், நீங்க எழுத்துல வேணாம்னு சொன்னாத்தான் குடுக்க மாட்டாங்க. வருஷ ஆரம்பத்துல வர்ற இருபது ஃபார்ம்ல அதுவும் ஒண்ணா இருக்கும், நாம ஸ்க்ரோல் பண்ணி எல்லாத்துக்கும் ஓகே குடுத்திருப்போம். நாளைக்கே ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டு அத மாத்துங்க, எமர்ஜென்சி காண்டாக்ட்ல ஸ்டேட்டஸ் உள்ள ஒரு சொந்தக்காரங்க பேரயோ பிரெண்ட் பேரயோ சேருங்க.

ஐஸ், அதாவது ஸ்டேட்டஸ் இல்லாதவங்கள பிடிக்கற ஃபெடரல் இமிக்ரேஷன் ஏஜென்சி, ஸ்கூலுக்குள்ள வருமான்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. முன்ன ஸ்கூல், ஆஸ்பத்திரி, கோயில் பக்கம் பொதுவா போக மாட்டோம்னு ஒரு வழிகாட்டுதல் வச்சிருந்தாங்க, அத 2025 ஜனவரில எடுத்துட்டாங்க. இருந்தாலும் வகுப்பறை மாதிரி பொதுமக்கள் நுழைய முடியாத எடத்துக்குள்ள அனுமதி இல்லாம வரணும்னா ஜட்ஜ் கையெழுத்துப் போட்ட வாரண்ட் வேணும், ஐ-200ன்னு அவங்க ஆபீசரே கையெழுத்துப் போட்டுக் கொண்டு வர்றது அந்த வகையில சேராது. பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்ல இதுக்கு ஒரு நடைமுறை எழுதி வச்சிருக்காங்க, பிரின்சிபல் பாத்து, டிஸ்ட்ரிக்ட் வக்கீல் பாத்துத்தான் எதுவும் நடக்கும். என்னைக் கேட்டா உண்மையான ஆபத்து ஸ்கூலுக்குள்ள இல்ல, ஸ்கூலுக்குப் போற ரோட்ல இருக்கு. டெக்ஸஸ்ல நம்மாளுங்களுக்குக் குடுக்கற டிரைவிங் லைசென்ஸ் ஸ்டேட்டஸ் தேதியோட சேந்து முடியற லைசென்ஸ், அது முடிஞ்சப்புறம் தினமும் காலைல டிராப், சாயங்காலம் பிக்கப்னு வண்டி ஓட்டறது எவ்ளோ பெரிய ரிஸ்க், போலீஸ் நிறுத்தினா அங்கேருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கும். ஸ்கூல் பஸ் இருந்தா பஸ்ல விடுங்க, இல்ல நடந்து போற மாதிரி வீடு பாருங்க, பக்கத்து வீட்டுக் கார்பூல் கேளுங்க.

அடுத்து ஒரு குழப்பம். "பப்ளிக் ஸ்கூல்ல படிக்கணும்னா ஐ-20 வேணுமாமே, எட்டாவது வரைக்கும் அனுமதியே இல்லியாமே"ன்னு பாதி பேர் சொல்றாங்க. ஐ-20ங்கறது ஸ்டூடண்ட் விசாவுக்காக ஸ்கூல் குடுக்கற ஃபார்ம், அவங்க சொல்ற ரூல் எஃப்-1 ஸ்டூடண்ட் விசால வர்ற பிள்ளைங்களுக்கான 1996 சட்டம், அவங்க பப்ளிக் ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும் படிக்க முடியாது, ஹைஸ்கூல்லயும் மொத்தமே 12 மாசம், அதுவும் முழுச் செலவையும் முன்னாடியே கட்டிட்டு. எச்-4ல, அதாவது எச்-1பிகாரங்க குடும்பத்துக்குக் குடுக்கற விசால, வந்து ஸ்டேட்டஸ் போன பிள்ளைக்கு இதுல எதுவும் பொருந்தாது. பி-2 விசிட்டர் விசால தாத்தா பாட்டியோட வந்து இன்னும் ஐ-94 தேதி முடியாத பிள்ளை கதை வேற, அவங்க ஸ்கூல்ல சேந்தா ஸ்கூல் சேத்துக்கும், ஆனா விசிட்டர் விசா நிபந்தனைய மீறினதா ஆயிடும், பின்னால விசா கேக்கறப்ப அது வந்து நிக்கும். விசிட்டர்ல வந்த பிள்ளைய சும்மா ரெண்டு மாசம் ஸ்கூல்ல போடலாம்னு யோசிக்கறவங்க தயவுசெஞ்சு போடாதீங்க.

இப்ப பிரைவேட் ஸ்கூல். பணம் இருக்கறவங்க மொதல்ல ஓடறது இங்கதான், பிரைவேட்ல போட்டா அரசாங்கத்துக் கண்ணுல படாதுன்னு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் இல்ல. பிளைலர் தீர்ப்பு பிரைவேட் ஸ்கூல கட்டுப்படுத்தாது, சேக்கறதும் சேக்காததும் அவங்க இஷ்டம், அரசாங்கப் பணம் வாங்காத ஸ்கூலுக்கு ஃபெர்பாவும் பொருந்தாது, ஆக காசையும் குடுத்து பாதுகாப்பையும் எழக்கறீங்க. "அவங்க ஐ-20 குடுத்தா ஸ்டேட்டஸ் வந்துடுமே"ன்னா, வராது. ஸ்டேட்டஸ் போன பிறகு நாட்டுக்குள்ள இருந்துக்கிட்டே எஃப்-1க்கு மாத்தறது ரொம்ப அபூர்வமான சூழ்நிலைலதான் நடக்கும், மத்தபடி பிள்ளை இந்தியாவுக்குப் போயி சென்னை கான்சுலேட்ல நின்னு, 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு ஸ்டூடண்ட் பதிவு) ஃபீஸ், 185 டாலர் விசா ஃபீஸ் கட்டி, படிச்சு முடிச்சுட்டுத் திரும்பி வந்துடுவேன்னு ஆபீசர நம்ப வைக்கணும், ஓவர்ஸ்டே பண்ணின குடும்பத்துப் பிள்ளைக்கு அது எவ்ளோ கஷ்டம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பணம் இருந்தா அத நல்ல இமிக்ரேஷன் வக்கீலுக்குக் குடுங்க.

ஹோம்ஸ்கூல் சட்டப்படி நடக்கும். டெக்ஸஸ்ல அது பிரைவேட் ஸ்கூல் கணக்குல வரும்னு 1994லயே ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, பதிவு பண்ண வேணாம், டெஸ்ட் கெடையாது. நியூயார்க்ல அப்படி இல்ல, டிஸ்ட்ரிக்டுக்கு எழுதிக் குடுத்து, பாடத்திட்டம் குடுத்து, மூணு மாசத்துக்கு ஒருக்கா ரிப்போர்ட் அனுப்பணும், ஒளிஞ்சுக்கறதுக்காக ஹோம்ஸ்கூல் பண்றவங்க அங்க கூடுதலாத்தான் பேப்பர் குடுக்க வேண்டியிருக்கு. சும்மா ஸ்கூல்லேருந்து நிறுத்திட்டு வீட்ல வச்சிருக்கறது ஹோம்ஸ்கூல் ஆகாது. டெக்ஸஸ்ல 6லேருந்து 19 வயசு வரைக்கும் கட்டாயக் கல்வி, முறையா வித்ட்ரா பண்ணாம ஆப்சென்ட் ஏறினா ஸ்கூல்லேருந்து லெட்டர் வரும், ஆள் வருவாங்க, எதுக்குப் பயந்து நிறுத்தினீங்களோ அதுவே வீடு தேடி வரும். அதுவும் இல்லாம இந்த மாதிரி நேரத்துல பிள்ளைக்கு பிரெண்ட்ஸ், டீச்சர், பேண்ட் கிளாஸ், இதெல்லாம்தான் கொஞ்சம் மூச்சு விடற எடம். அப்பா அம்மா எந்நேரமும் குசுகுசுன்னு பேசிக்கிட்டு அழுதுகிட்டு இருக்கற வீட்ல பிள்ளைய நாள் முழுக்க உக்கார வைக்கறது எனக்கு மனசு ஒப்பல. ஊருக்குப் போக டிக்கெட் போட்டாச்சு, நடுவுல மூணு வாரம் இருக்கு, அங்க சேரப்போற ஸ்கூல் பாடத்த இப்பவே ஆரம்பிக்கணும்னு ஹோம்ஸ்கூல் பண்ணினா சரி, ஒத்துக்கறேன்.

இனிமே சொல்றதுதான் முக்கியமான கணக்கு. டைம்ல போட்ட ஐ-539 பெண்டிங்ல இருக்கற வரைக்கும், நடுவுல அனுமதி இல்லாம வேல செய்யலன்னா, பொதுவா அந்த 180 நாள் கணக்கு ஓடாது, டினை ஆன மறுநாள்லேருந்து ஓடும். பெரியவங்க 180 நாளுக்கு மேல தங்கிட்டு வெளிய போனா மூணு வருஷத் தடை, ஒரு வருஷம் ஆயிட்டா பத்து வருஷத் தடை. 18 வயசு முடியாத பிள்ளைக்கு இந்த நாள் கணக்கு ஓடவே ஓடாது, 18 முடிஞ்ச அன்னிக்குத்தான் மொதல் நாள். பிள்ளைக்குப் பிரச்சினையே இல்லன்னு இதுக்கு அர்த்தம் கெடையாது, பழைய விசா செல்லாமப் போயிடும், வெளியேத்த உத்தரவு வரலாம், ஆனா தடை இல்லாம திரும்ப வர்ற வாய்ப்பு அதுக்கு மிச்சம் இருக்கும்.

உதாரணமா நவம்பர் 10ஆம் தேதி டினை ஆச்சுன்னு வைங்க, 11லேருந்து எண்ணினா மே 9ஆம் தேதி 180ஆவது நாள். டெக்ஸஸ்ல ஸ்கூல் மே கடைசிலதான் முடியும். "ரெண்டு வாரம்தானே, வருஷத்த முடிச்சிட்டுப் போலாம், அஞ்சாவது வகுப்பு சர்டிபிகேட் குடுப்பாங்க, பசங்க ஆசப்படறாங்க"ன்னு இருந்துட்டா அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் மூணு வருஷத் தடை விழுந்துடும், அந்த மூணு வருஷத்துல வேற கம்பெனி எச்-1பி குடுத்தாலும் சும்மா வர முடியாது. அஞ்சாவது படிக்கற பிள்ளைக்கு அந்த ரெண்டு வாரத்தால ஒண்ணும் கொறஞ்சு போகாது. டீச்சர்கிட்ட முன்கூட்டியே சொன்னா நெறைய பேர் அழகா ஒரு சின்ன வழியனுப்பு விழாவே வச்சு அனுப்பறாங்க.

பன்னெண்டாவது படிக்கற பிள்ளைன்னா கணக்கு வேற. ஜனவரி 20ஆம் தேதி 18 முடியுதுன்னா அந்தப் பிள்ளையோட 180ஆவது நாள் ஜூலை 18. மே கடைசில டிப்ளமா வாங்கிட்டு ஜூன்ல பிளைட் ஏறினா பிள்ளைக்குத் தடையே இல்ல. ஆனா அம்மா அப்பாவோட நாள் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும், அப்ப என்ன பண்றது? நான் பாத்த ஒரு குடும்பத்துல அப்பா, அம்மா, சின்னவன் மூணு பேரும் கிளம்பிட்டாங்க, பெரிய பொண்ணு கிரீன்கார்டு இருக்கற அத்தை வீட்ல தங்கி டிப்ளமாவ முடிச்சிட்டுப் போனா. அதுக்கு நோட்டரி பண்ணின கையெழுத்துப் பத்திரம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற அனுமதி, ஸ்கூல்ல அத்தை வீட்டு அட்ரஸ் மாத்தறது, டிஸ்ட்ரிக்ட் வேறன்னா இன்னும் நெறைய வேல. நாலு மாசம் தெனமும் ராத்திரி வீடியோ கால்ல அம்மாவும் பொண்ணும் அழுதாங்க. கடைசி வருஷம், கூட இருக்கறவங்க உண்மையிலயே பாத்துக்கற சொந்தம், ரெண்டும் இருந்தா மட்டும் இத யோசிங்க. ஆறாவது ஏழாவது படிக்கற பிள்ளைய சித்தப்பா வீட்ல விட்டுட்டுப் போறேன்னு ஒருத்தர் சொன்னாரு, வேணவே வேணாம்ணேன்னு சொன்னேன்.

இதுல ஒரு எச்சரிக்கை. 2025 பிப்ரவரில வந்த பாலிசி மெமோவுக்கு அப்புறம் அப்ளிகேஷன் டினை ஆயி ஸ்டேட்டஸ் இல்லாதவங்களுக்கு நோட்டீஸ் டு அப்பியர், அதாவது இமிக்ரேஷன் கோர்ட்டுக்கு வான்னு நோட்டீஸ், அனுப்பறது அதிகமாயிருக்கு. அது கைக்கு வந்துடுச்சுன்னா நான் மேல போட்ட கணக்கு எதயும் நம்பி டிக்கெட் போடாதீங்க, ஹியரிங்குக்கு வராம போனா ஆள் இல்லாமலே வெளியேத்த உத்தரவு போட்டுடுவாங்க, மொதல்ல வக்கீல்.

ஊருக்குத் திரும்பற வழிய நம்ம ஜனங்க தோல்வியாப் பாக்கறாங்க, அதனாலதான் தள்ளிப் போட்டுப் போட்டு 180ஐத் தாண்டறாங்க. ஸ்கூல் பக்கம் பாத்தா சின்னப் பசங்களுக்கு அங்க சேர்றது அவ்ளோ கஷ்டமில்ல, கல்வி உரிமைச் சட்டம் 2009 படி 6லேருந்து 14 வயசு வரைக்கும் வயசுக்கேத்த வகுப்புல சேக்கணும், டிசி இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது. கஷ்டம் ஒன்பதாவதுக்கு மேலதான். சிபிஎஸ்இல பொதுவா பத்தாவதுலயும் பன்னெண்டாவதுலயும் புதுசா நேரா சேக்க மாட்டாங்க, அதனால ஒன்பதாவது இல்ல பதினொண்ணாவது ஆரம்பத்துல போயி எறங்கற மாதிரி திட்டம் போடணும். தமிழ்நாட்டுல பத்தாவது வரைக்கும் தமிழ் கட்டாயம்னு 2006ல சட்டம் வந்துச்சு, இங்க வீட்ல தமிழ் பேசற பிள்ளைக்குக் கூட எழுதறது தகராறு, எங்க கிளாஸ்ல ஏழாவது படிக்கற பையன் 'ழ' எங்க 'ள' எங்கன்னு இன்னும் தடுமாறறான். ஸ்டேட்டஸ் ஆட ஆரம்பிச்ச அன்னிக்கே தமிழ் எழுத்துப் பயிற்சிய ஆரம்பிச்சிடுங்க, போகலன்னாலும் நஷ்டமில்ல. இங்க பொறந்த பிள்ளை இருந்தா அதுக்கு இந்தியா போக விசாவோ ஓசிஐயோ (இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கற கார்டு) வேணும், ஓசிஐக்கு நாளாகும், 180ல அதயும் கழிச்சுக்குங்க.

பன்னெண்டாவது முடிஞ்சும் இங்கயே இருந்து காலேஜ் படிக்க வைக்கலாம்னு நெனைக்கறவங்களுக்கு ஒண்ணு. பிளைலர் தீர்ப்பு பன்னெண்டாவதோட நின்னுடும். ஃபெடரல் உதவிப் பணம் கெடைக்காது. டெக்ஸஸ்தான் 2001ல மொதல்ல இந்தப் பசங்களுக்கும் உள்ளூர் ஃபீஸ்னு சட்டம் போட்டுச்சு, 2025 ஜூன்ல அத கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. கலிஃபோர்னியா, நியூஜெர்சி மாதிரி ஸ்டேட்ல இன்னும் இருக்கு, ஆனா அங்கயும் குறிப்பிட்ட காலம் அந்த ஸ்டேட்ல படிச்சிருக்கணும். சின்ன வயசுல வந்து ஸ்டேட்டஸ் இல்லாம இருக்கறவங்கள வெளியேத்தாம தள்ளி வைக்கற டாக்கா திட்டம் இருக்கேன்னு கேக்கறாங்க, அது 2007 ஜூன் 15லேருந்து இங்கயே இருக்கறவங்களுக்கு, இப்ப ஸ்கூல்ல படிக்கற நம்ம பசங்க அதுல வரவே மாட்டாங்க. படிப்ப முடிச்சும் வேல பாக்க பர்மிட் இல்லாம, 18 தாண்டி நாளும் ஓடி, வெளிய போனா பத்து வருஷம்னு மாட்டிக்கறது யாருன்னா பிள்ளைதான். பெத்தவங்க தள்ளிப் போட்ட முடிவு பிள்ளை தலைல விழறது இந்த எடத்துலதான், எனக்கு ரொம்ப வலிக்கறதும் இந்த எடம்தான்.

ஆக வீட்ல எல்லாரும் எட்டாவதுக்குக் கீழன்னா, 180க்குள்ள கிளம்புங்க, கிளம்பற வாரம் வரைக்கும் பப்ளிக் ஸ்கூல். ஒன்பது, பத்து படிக்கறதுன்னா எனக்கும் சுலபமா பதில் இல்ல, ஆனா 180ஐத் தாண்டறத விட அங்க ஒரு வருஷம் பின்னால சேந்தாலும் பரவால்லன்னுதான் சொல்வேன். பதினொண்ணுன்னா அம்மா அப்பா தேதியையும் அங்க அட்மிஷன் தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சுப் பாருங்க. பன்னெண்டுன்னா டிப்ளமாவ முடிக்க எப்படியாவது வழி பாருங்க, கையில டிப்ளமாவோட போற பிள்ளைக்கு அங்க காலேஜ் கதவு தெறக்கும், பாதில போனா ரெண்டு பக்கமும் இல்ல.

பெரிய பசங்ககிட்ட மறைக்காதீங்க. பதினாறு வயசுப் பொண்ணுக்கு வீட்ல என்ன நடக்குதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், யார்கிட்டயும் சொல்லாதேன்னு மட்டும் சொல்லிட்டு விட்டா அது தனியா உக்காந்து பயப்படும். உக்கார வச்சு தேதியோட சொல்லுங்க, ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட மனசு விட்டுப் பேச விடுங்க, ஸ்டேட்டஸ் விவரத்த அவங்ககிட்ட கூட சொல்ல வேணாம்னு மட்டும் சொல்லி அனுப்புங்க.

கிளம்பறதுன்னு ஆயிட்டா கடைசி வாரத்துல ஸ்கூல் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல வித்ட்ராவல் ஃபார்ம், சீல் வச்ச டிரான்ஸ்கிரிப்ட் ரெண்டு காப்பி, தடுப்பூசி ரெக்கார்ட், ஸ்பெஷல் எஜுகேஷன்ல இருந்தா அந்த ஐஈபி பேப்பர், எல்லாம் வாங்கிடுங்க, அங்க போயி மெயில் போட்டு வாங்கறதுக்கு வாரக்கணக்கா ஆகும். போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்ல விழற இந்திய என்ட்ரி சீலையும் எல்லாருக்கும் ஸ்கேன் பண்ணி வைங்க, எந்தத் தேதில வெளிய போனீங்கன்னு பின்னால யாராவது கேட்டா காட்டறதுக்கு அதுதான் ஆதாரம்.